நடுவில் இருந்த வாக்கியம்

பிப்ரவரி 3

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. உடம்புக்குக் குறையொன்றும் இல்லை. முழங்கால் மட்டும் படியைக் கண்டால் அடம் பிடிக்கிறது. முப்பது வருடம் ஊரையே லிஃப்டில் ஏற்றி இறக்கியவன் குடியிருப்பது மூன்றாவது மாடி. இந்தக் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. யாரிடம் சொல்லிச் சிரிப்பது? நீயும் மாப்பிள்ளையும் எப்படி இருக்கிறீர்கள்? சின்னதுக்கு இருமல் விட்டதா?

போனில் பேசியிருக்கலாமே என்பாய். 'சாப்பிட்டியா, சாப்பிட்டேன், வைக்கட்டுமா' என்பதற்கு மேல் நமக்கு எந்தக் காலத்தில் போனில் பேச்சு ஓடியது? அப்போதாவது உன் அம்மா பக்கத்தில் இருந்து 'இதைக் கேளுங்க, அதைக் கேளுங்க' என்று எடுத்துக் கொடுப்பாள். இப்போது போனைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்றே தெரியவில்லை. எழுதினால் கோர்வையாக வருகிறது.

விஷயத்துக்கு வருகிறேன். நாம் பேசிக்கொண்டது நினைவிருக்கும். இந்த வருடக் கடைசிக்குள் எனக்கு வேலை கிடைத்தால் நான் இங்கேயே இருக்கலாம். கிடைக்காவிட்டால் வீட்டைக் காலி செய்துவிட்டு உன்னோடு வந்துவிட வேண்டும். உன்மேல் பிரியம் இல்லாமல் இல்லை, கண்ணு. ஆனால் இங்கே உன் அம்மாவின் கட்டில் கிடக்கிறது. அவள் பிடித்து நடக்க நான் சுவரோடு சுவராக அடித்த இரும்புக் குழாய் இருக்கிறது. அடுத்துக் குடிவருகிறவர்கள் முதல் வேலையாக அதைத்தான் பிடுங்கிப் போடுவார்கள்.

அதனால் போன வாரம் ஓர் இன்டர்வியூவுக்குப் போனேன். அலுவலகக் கட்டடம், ஆறு லிஃப்ட், பராமரிப்புக்கு ஆள் வேண்டுமாம். உள்ளே மூன்று பேர். "உங்களைப் பத்திச் சொல்லுங்க" என்றார்கள். நான் லிஃப்டின் எடைக்கல்லில் ஆரம்பித்து, கயிறு, சக்கரம், பிரேக் என்று மேலே ஏறி, மோட்டார் அறைக்கு வந்து சேரும்போது "போதும் சார்" என்று சொல்லிவிட்டார்கள். என்னைப் பற்றி நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்லை.

நீ ஒன்பது வருடமாக மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து ஆள் எடுக்கிறவள். ஐம்பத்தைந்து வயதில் மகளிடம் பாடம் கேட்கிறேனே என்று சிரிக்காதே. சிரித்தாலும் பரவாயில்லை, பதில் எழுது.

உன் நலமே நினைக்கும்
அப்பா


பிப்ரவரி 11

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே எல்லோரும் நன்றாக இருக்கிறோம். இருமல் சின்னதை விட்டு உங்கள் மாப்பிள்ளையைப் பிடித்துக்கொண்டது. நீங்கள் முழங்காலுக்குத் தைலம் தேய்க்கிறீர்களா, இல்லை தைலப் புட்டியை வெறுமனே பார்த்துக்கொண்டிருக்கிறீர்களா?

சிரித்தேன். மோட்டார் அறை வரைக்கும் உங்களை விட்டதே பெரிய விஷயம். என் அறையாக இருந்தால் எடைக்கல்லிலேயே நிறுத்தியிருப்பேன்.

இப்போது கவனமாகக் கேளுங்கள். உங்களைப் பற்றிச் சொல்லுங்கள் என்றால் உங்கள் கதையை யாரும் கேட்கவில்லை. இந்த ஆள் எங்களுக்கு எதற்கு என்று கேட்கிறார்கள். இரண்டு நிமிடத்துக்கு மேல் வாய் திறக்கக் கூடாது. கேட்டதற்கு மட்டும் பதில். பதில் முடிந்ததும் நிறுத்திவிட்டுக் கேட்டவரின் கண்ணைப் பார்க்க வேண்டும். அந்த மௌனத்தைப் பார்த்துப் பயந்துதான் பாதிப் பேர் உளறிக் கொட்டுகிறார்கள். போவதற்கு முன்னால் அந்த இடத்தைப் பற்றி விசாரித்து வையுங்கள்: எத்தனை லிஃப்ட், எந்த வருடத்து மாதிரி, முன்னால் இருந்த ஆள் ஏன் போனார். கடைசியில் 'ஏதாவது கேட்கணுமா' என்பார்கள். 'இல்லை' என்று எழுந்து வந்துவிடாதீர்கள். வேலையைப் பற்றி ஒரு கேள்வி கேளுங்கள்.

சட்டை வெளிர் நிறம். பேனா வைக்கும் பையில் ஸ்க்ரூடிரைவர் கூடாது. உங்களைத்தான் சொல்கிறேன்.

கீழே நான்கு கேள்வி எழுதியிருக்கிறேன். பதில் எழுதி அனுப்புங்கள், திருத்தித் தருகிறேன். உங்கள் பலம் என்ன? பலவீனம் என்ன? எங்களிடம் ஏன் வர விரும்புகிறீர்கள்? கடைசியாக, வேலையை விட்டு ஐந்து வருடம் ஆகிறதே, என்ன செய்தீர்கள்? இந்தக் கடைசிக் கேள்வி கட்டாயம் வரும்.

அன்புடன்
உங்கள் மகள்


பிப்ரவரி 26

கேள்வி மேல் கேள்வி கேட்கும் என் வக்கீலம்மாவுக்கு,

நலம். தைலம் தேய்க்கிறேன், சத்தியமாக. கீழ்வீட்டு டெய்லரம்மா வெந்நீர் ஒத்தடமும் கொடுக்கச் சொன்னாள். அவளும் உன்னை விசாரித்தாள்.

பதில்கள் கீழே. பலம்: லிஃப்டின் சத்தத்தைக் கேட்டே எங்கே கோளாறு என்று சொல்லிவிடுவேன். பலவீனம்: மனிதர்கள் பேசுவதை அந்த அளவுக்குக் கவனிக்க மாட்டேன், இது உன் அம்மா சொன்னது. ஏன் வர விரும்புகிறேன்: வீட்டில் பகல் ரொம்ப நீளமாக இருக்கிறது.

நான்காவதற்கு எழுதிப் பார்க்க நேரமில்லை. நேராகப் பரீட்சைக்கே போய்விட்டேன். முந்தாநாள் ஒரு பெரிய கடையில் இன்டர்வியூ. நீ சொன்னபடி முதல் மூன்று கேள்விக்கும் இரண்டிரண்டு நிமிடம். நிறுத்தினேன், கண்ணைப் பார்த்தேன். நன்றாகத்தான் போனது. பிறகு நடுவில் இருந்த அதிகாரியம்மா, "அஞ்சு வருஷம் ஏன் வேலைக்குப் போகலை?" என்று கேட்டாள். முகத்தில் கள்ளமில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்கிறாள் என்று நினைத்துச் சொல்ல ஆரம்பித்தேன்.

பக்கவாதம் வந்து உன் அம்மாவுக்கு வலப்பக்கம் விழுந்ததைச் சொன்னேன். வாரத்தில் இரண்டு நாள் ஆஸ்பத்திரிக்குப் போக அவளை முதுகில் கட்டித் தூக்கி மூன்று மாடி இறங்கியதையும், "லிஃப்ட்காரரைக் கட்டிக்கிட்டு எனக்கு இந்தக் கதி" என்று அவள் என் காதில் சொல்லிச் சிரித்ததையும் சொன்னேன். தலைமுடியைப் பின்னக் கற்றுக்கொண்டதைச் சொன்னேன். பேச்சு திரும்பிவர ஒரு நாளைக்கு ஒரு சொல் என்று பழக்கியதையும், முதலில் 'தண்ணி', இரண்டாவது உன் செல்லப் பெயர் என்பதையும் சொன்னேன். அவள் படுத்திருந்த நாலு வருடத்தையும் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. நிமிர்ந்து பார்த்தால் மூன்று பேரும் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த அம்மா எழுந்து வந்து எனக்குத் தண்ணீர் கொடுத்தாள். அதற்கப்புறம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

நல்ல மனிதர்கள். வேலை கிடைக்காது என்று நினைக்கிறேன்.

அப்பா


மார்ச் 6

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே நலம். வீட்டில் மூவரும் மாறி மாறித் தும்முகிறோம், அவ்வளவுதான். வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா?

உங்கள் கடிதத்தை ஆபீசில் வைத்துப் படித்தேன். அது என் தப்பு. கழிவறைக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்துதான் அடுத்த ஆளைக் கூப்பிட முடிந்தது.

கோபித்துக்கொள்ளாதீர்கள், கறாராகச் சொல்கிறேன். இனிமேல் அந்த அறைக்குள் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். எதிரில் இருப்பவர்களுக்கு இரக்கம் வந்துவிட்டால் வேலை போய்விடும். 'பாவம், இவருக்கு இன்னும் மனசு ஆறலை' என்று ஒருவர் சொல்வார், மற்றவர் தலையாட்டுவார், உங்கள் தாளைத் திருப்பி வைத்துவிடுவார்கள். நானே வைத்திருக்கிறேன்.

மூன்று வாக்கியம் எழுதித் தருகிறேன். இதை மட்டும் சொல்லுங்கள். கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்.

'குடும்பத்தில் ஒரு பொறுப்பு இருந்தது. இப்போது அது முடிந்துவிட்டது. இனி என் முழு நேரத்தையும் வேலைக்குக் கொடுக்க முடியும்.'

சாதாரணக் குரலில் சொல்ல வேண்டும். முடிக்கும்போது லேசாகச் சிரிக்க வேண்டும். கண்ணாடி முன்னால் நின்று தினம் பத்துத் தடவை சொல்லிப் பாருங்கள். ஒரு வாரத்தில் நாக்குக்குப் பழகிவிடும். இது எந்த அறையிலும் செல்லும், அப்பா. நான் உத்தரவாதம்.

உங்கள் மகள்


ஏப்ரல் 22

அன்புள்ள அப்பாவுக்கு,

எப்படி இருக்கிறீர்கள்? நான் எழுதி ஆறு வாரத்துக்கு மேல் ஆகிறது, உங்களிடமிருந்து ஒரு வரி இல்லை. நடுவில் ஒருநாள் போன் செய்தபோதும் "நல்லாத்தான் இருக்கேன், வைக்கட்டுமா" என்று வைத்துவிட்டீர்கள்.

இங்கே வேலை அதிகம். கணக்கு வருடத் தொடக்கம் என்பதால் ஒரே நாளில் இருபது பேரைப் பார்க்க வேண்டியிருக்கிறது. போன பத்தொன்பதாம் தேதி, அம்மாவின் வருட நாளன்று, காலையில் உங்களைக் கூப்பிடலாம் என்று போனை எடுத்தேன். அதற்குள் மீட்டிங் என்று அழைத்துவிட்டார்கள். பிறகு கூப்பிடவில்லை.

நீங்கள் அன்றைக்கு என்ன செய்தீர்கள்? யாராவது கூட இருந்தார்களா?

பயிற்சி எப்படிப் போகிறது? வேறு எங்காவது விண்ணப்பித்தீர்களா? என்மேல் கோபம் என்றால் கோபமாகவே இரண்டு வரி எழுதுங்கள். சின்னது உங்களுக்கு ஒரு படம் வரைந்திருக்கிறாள், கூட வைத்திருக்கிறேன். பெட்டிக்குள் நிற்பது நீங்கள்தானாம், பெட்டி லிஃப்ட்.

உங்கள் மகள்


மே 4

வக்கீலம்மாவுக்கு,

சுகம். படம் வந்தது. லிஃப்டுக்குக் கதவு வரையவில்லை, பாதுகாப்புக் குறைபாடு என்று அவளிடம் சொல்.

கோபமெல்லாம் இல்லை. பத்தொன்பதாம் தேதி வீட்டில்தான் இருந்தேன். டெய்லரம்மா மேலே வந்து கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போனாள். ஜன்னல் கொண்டியைச் சரிசெய்தேன்.

பயிற்சியும் செய்தேன். நீ சொன்னபடி தினம் பத்துத் தடவை, குளியலறைக் கண்ணாடி முன்னால். முதல் வாக்கியம் வருகிறது. மூன்றாவதும் வருகிறது. நடுவில் இருப்பது வரவில்லை. வாயைத் திறக்கிறேன், கண்ணாடியில் ஒரு கிழவன் வாயைத் திறந்துகொண்டு நிற்கிறான். உரக்கச் சொன்னால் உள்ளே கட்டிலுக்குக் கேட்டுவிடும்போல இருக்கிறது. பைத்தியக்காரத்தனம்தான், எனக்கே தெரிகிறது.

சரி, அது இல்லாமலே சமாளிப்போம் என்று போன வாரம் ஒரு ஹோட்டல் இன்டர்வியூவுக்குப் போனேன். கேள்வி வந்தது. "குடும்பத்தில ஒரு பொறுப்பு இருந்துச்சு. இனி முழு நேரமும் வேலைக்குக் கொடுக்க முடியும்" என்றேன். சிரிக்கவும் செய்தேன். மேனேஜர் பேனாவை வைத்துவிட்டு, "அப்போ அந்தப் பொறுப்பு இன்னும் இருக்கா, இல்லையா? தெளிவாச் சொல்லுங்க" என்றார்.

"இருக்கு சார்" என்று சொல்லிவிட்டேன்.

வாயில் தானாக வந்துவிட்டது. அவர் ஏதோ எழுதிக்கொண்டார். "அப்போ ராத்திரி டூட்டிக்கு வர முடியாதில்லையா?" என்றார். மேசைமேல் கிடந்த என் தாள்களை எடுத்து அடுக்கினேன். அனுப்பிவிட்டார்கள்.

அப்பா


மே 13

அப்பாவுக்கு,

யார் இருக்கிறார்கள் அப்பா வீட்டில்? யாருக்காக ராத்திரி டூட்டிக்குப் போக முடியாது? அம்மா இல்லை. ஒரு வருடம் ஆகிவிட்டது. அம்மா இல்லை.

மேலே எழுதியதைக் கிழித்துப் போட்டுவிட்டு வேறு தாளில் ஆரம்பிக்கலாம் என்று நினைத்தேன். வேண்டாம், நீங்கள் படித்தே ஆக வேண்டும். உங்கள் உடம்பு எப்படி என்றுகூடக் கேட்காமல் ஆரம்பித்துவிட்டேன், மன்னித்துக்கொள்ளுங்கள். எப்படி இருக்கிறது?

உங்களை அந்த வீட்டிலிருந்து கிளப்பிக்கொண்டு வர வேண்டும் என்று எனக்கு ஆசை என்றா நினைக்கிறீர்கள்? நீங்கள் இங்கே வந்தால் என்ன ஆவீர்கள் என்று எனக்குத் தெரியும். பால்கனியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து எதிர்க் கட்டடத்து லிஃப்டை எண்ணிக்கொண்டிருப்பீர்கள். அதனால்தான் இவ்வளவு மல்லுக்கட்டுகிறேன்.

அந்த நடு வாக்கியம் பொய் இல்லை அப்பா. பொறுப்பு முடிந்துவிட்டது என்றுதான் சொல்கிறீர்கள். அம்மா முடிந்துவிட்டாள் என்று சொல்லவில்லையே. அடுத்த தடவை அந்த வாக்கியத்தைச் சொல்லும்போது எதிரில் நான் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். எனக்காகச் சொல்லுங்கள்.

உங்கள் மகள்


ஜூன் 28

அன்பு மகளுக்கு,

நலம். நீங்கள் மூவரும் நலமாக இருக்க வேண்டும்.

வேலை கிடைத்துவிட்டது. பெரிய ஆஸ்பத்திரி, பதினான்கு லிஃப்ட், நான் மேற்பார்வையாளர். ஒன்றாம் தேதி சேர வேண்டும். இனிமேல் வீட்டைக் காலி செய்ய வேண்டியதில்லை.

நடந்ததைச் சொல்கிறேன். நீ சொன்னபடி முந்தின வாரமே பார்வையாளர் நேரத்தில் போய் லிஃப்ட் ஒவ்வொன்றிலும் ஏறி இறங்கி, எது எங்கே உறுமுகிறது என்று குறித்துக்கொண்டேன். வெளிர் நீலச் சட்டை. ஸ்க்ரூடிரைவரை வீட்டிலேயே வைத்துவிட்டேன். உள்ளே நாலு பேர், நடுவில் வயதான டாக்டர் ஒருவர். இன்ஜினியர் கேட்டார்: "லிஃப்ட் தளத்துக்கு அரை அங்குலம் கீழே நிக்குதுன்னு புகார் வருது. கையில வேற வேலை இருக்கு. எதை முதல்ல பார்ப்பீங்க?"

"அரை அங்குலத்தைத்தான் சார்" என்றேன். "நடக்கறவங்களுக்கு அது தெரியாது. சக்கர நாற்காலியில வர்றவங்களுக்கு முதுகெலும்புல தெரியும். ஏறும்போது ஒரு தடவை, இறங்கும்போது ஒரு தடவை. வலி உள்ளவங்க அந்த இடம் வர்றதுக்கு முன்னாடியே கண்ணை மூடிக்குவாங்க."

டாக்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "இதை யாரும் எங்களுக்குச் சொன்னதில்லை. எங்க கத்துக்கிட்டீங்க?" என்றார்.

உன் அம்மாவிடம். ஒவ்வொரு தடவையும் கண்ணை மூடிக்கொண்டு என் கையைப் பிடிப்பாள். சொல்லவில்லை. "அனுபவம்தான் சார்" என்றேன். நிறுத்தினேன், கண்ணைப் பார்த்தேன்.

பிறகு அந்தக் கேள்வி வந்தது. நீ எதிரில் இருப்பதாக நினைத்துக்கொண்டேன். மூன்று வாக்கியத்தையும் சொன்னேன், நடுவில் இருப்பதையும் சேர்த்து. குரல் நடுங்கவில்லை. கடைசியில் சிரித்தேன். டாக்டர், "நல்லது. இனிமே வீட்டுலேருந்து தொந்தரவு ஒண்ணும் இருக்காதே?" என்று கேட்டார். "இருக்காது சார்" என்றேன். அதுவும் சுலபமாக வந்தது. அங்கேயே கை கொடுத்துவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்து இரண்டாவது மாடிப் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். வெயில் இறங்கும்வரை மேலே போகவில்லை. டெய்லரம்மா பார்த்துவிட்டு, "வேலை கிடைக்கலையாண்ணே?" என்று கேட்டாள். கிடைத்தது என்று சொன்னேன். அவளுக்குப் புரியவில்லை. எந்த வீட்டுக்காக இவ்வளவும் செய்தேனோ, அந்த வீட்டுக்குள் எந்த முகத்தை வைத்துக்கொண்டு நுழைவது என்று எனக்குத் தெரியவில்லை.

உன்மேல் குறை சொல்லவில்லை. நீ எழுதிக் கொடுத்தது அச்சு அசலாகச் சரியாக இருந்தது. எங்கே தடுக்கும், எங்கே மூச்சுவிட வேண்டும் என்றெல்லாம் தெரிந்து எழுதியதுபோல இருந்தது. இத்தனை பேரை இன்டர்வியூ செய்ததில் யாரோ ஒருவர் இப்படிச் சொல்லி நீ கேட்டிருக்க வேண்டும். அவர் யாரோ, பாவம்.

அப்பா


ஆகஸ்ட் 9

அன்புள்ள அப்பாவுக்கு,

வேலை கிடைத்ததற்கு வாழ்த்துச் சொல்லக்கூட ஆறு வாரம் எடுத்துக்கொண்டேன். புது வேலை பிடித்திருக்கிறதா? முழங்கால் தாங்குகிறதா? நான் உடம்பளவில் நலம்.

ஐந்து தடவை இந்தக் கடிதத்தை ஆரம்பித்தேன். இது ஆறாவது.

நீங்கள் சொன்ன அந்த யாரோ ஒருவர் நான்தான். அந்த மூன்று வாக்கியமும் உங்களுக்காக எழுதியது இல்லை. நான் சொன்னவை. இப்போது இருக்கும் இந்த வேலைக்கான இன்டர்வியூவில், போன வருடம் ஏப்ரல் பத்தொன்பதாம் தேதி, காலை பதினொரு மணிக்கு.

முந்தின நாள் சாயங்காலம் நீங்கள் போன் செய்தீர்கள். "அம்மாவுக்கு ஒண்ணுமில்லம்மா, லேசா சளி. நீ இன்டர்வியூவை முடிச்சிட்டு நிதானமா வா" என்றீர்கள். இரண்டே வரி. உடனே வைத்துவிட்டீர்கள். நீங்கள் சொன்னதை நம்பித்தான் நான் போனேன் என்று இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். எனக்கு விஷயம் தெரிந்தால் ஓடி வந்திருப்பேன், என் வாய்ப்புக் கெட்டுவிடும் என்றுதானே மறைத்தீர்கள்.

எனக்குத் தெரியும் அப்பா. மறுநாள் காலை ஏழு மணிக்கு டெய்லரக்கா கூப்பிட்டாள். "உங்கப்பா உன்கிட்ட மறைக்கிறார். டாக்டர் இன்னைக்கோ நாளைக்கோங்கறார். உடனே கிளம்பு" என்றாள். நான் அப்போது புடவை மடிப்பை எடுத்துக்கொண்டிருந்தேன். சரி என்று சொல்லிவிட்டு மீதி மடிப்பையும் எடுத்து முடித்தேன். மதியத்துக்குள் முடிந்துவிடும், முடிந்ததும் கிளம்பிவிடலாம், டாக்டர் நாளைக்கு என்றும் சொல்லியிருக்கிறாரே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உங்களிடம் சொல்ல வேண்டாம் என்று அக்காவிடம் பிறகு சத்தியம் வாங்கினேன்.

உள்ளே என்னிடம், "முந்தின வேலையில நிறைய லீவு எடுத்திருக்கீங்களே, வீட்டுல ஏதாவது பிரச்சினையா?" என்று கேட்டார்கள். அம்மாவைப் பார்க்க வந்து போன லீவு அது. அப்போது சொன்னேன். குடும்பத்தில் ஒரு பொறுப்பு இருந்தது. இப்போது அது முடிந்துவிட்டது.

நீங்கள் சொன்னபோது அம்மா போய் ஒரு வருடம் ஆகியிருந்தது. நான் சொன்னபோது அம்மா உயிரோடு இருந்தாள்.

சிரித்தேன். கை கொடுத்தார்கள். தேநீர் கொடுத்தார்கள், அதையும் உட்கார்ந்து குடித்தேன். இங்கிருந்து உங்கள் வீட்டுக்கு ஐந்து மணி நேரம். அக்கா சொன்னவுடன் கிளம்பியிருந்தால் பன்னிரண்டு மணிக்கு வாசலில் நின்றிருப்பேன். அம்மா போனது பன்னிரண்டே காலுக்கு. இந்தக் கணக்கைப் போடாமல் நான் ஒருநாளும் படுத்ததில்லை.

அதற்கப்புறம் எதிரில் உட்கார்ந்து யாராவது வீட்டுக் கஷ்டத்தைச் சொன்னால் அவர்கள் தாளைத் திருப்பி வைத்துவிடுவேன். சொல்ல முடிந்தவர்களைப் பார்த்தால் எனக்குத் தாங்கவில்லை. உங்களையும் என்னைப்போல ஆக்கிவிட்டேன்.

ஒன்றே ஒன்று கேட்க வேண்டும். அன்றைக்குக் காலையில் அம்மா என்னைக் கேட்டாளா? எத்தனை பக்கம் ஆனாலும் பரவாயில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுங்கள்.

உங்கள் மகள்


ஆகஸ்ட் 17

அன்பு மகளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நான் நலம்.

அன்றைக்குக் காலையில் அம்மா உன்னைக் கேட்கவில்லை. ஆறு மணியிலிருந்தே நினைவில்லாமல் தூங்கிக்கொண்டிருந்தாள். வலியும் இல்லை. நீ வந்திருந்தாலும் அவளுக்குத் தெரிந்திருக்காது.

மனதைப் போட்டு அலட்டிக்கொள்ளாதே. வேலை நன்றாகப் போகிறது.

அப்பா


ஆகஸ்ட் 25

அன்புள்ள அப்பாவுக்கு,

கடிதம் வந்தது. இங்கே உங்கள் மாப்பிள்ளையும் சின்னதும் நன்றாக இருக்கிறார்கள்.

உங்கள் பதிலை அவரிடம் காட்டினேன். படித்துவிட்டு, "பார்த்தியா, நீதான் இத்தனை நாளா வீணா மனசைப் போட்டு வதைச்சுக்கிட்டே" என்றார். அவருக்கு நிம்மதி. நானும் ஆமாம் என்று தலையாட்டினேன்.

நல்ல பதில் அப்பா. கேட்டதற்கு மட்டும் சொல்லிவிட்டு நிறுத்திவிட்டீர்கள். எதிரில் இருந்திருந்தால் கண்ணையும் பார்த்திருப்பீர்கள். எந்த அறையிலும் செல்லும்.

ஆனால் ஆள் உண்மை சொல்கிறாரா என்று பார்ப்பதுதான் என் பிழைப்பு. அம்மா நிஜமாகவே தூங்கியிருந்தால், எந்தப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள், ஜன்னலைத் திறந்து வைத்தீர்களா மூடினீர்களா, டெய்லரக்கா எத்தனை தடவை மேலே வந்தாள் என்று மூன்று பக்கத்துக்கு எழுதியிருப்பீர்கள். உங்களுக்கு அப்படித்தான் வரும். சுருக்கமாகச் சொல்லத் தெரியாத உங்களுக்கு அதைச் சொல்லிக்கொடுத்ததே நான்தான்.

உங்களை மேற்கொண்டு துருவ மாட்டேன். சனிக்கிழமை மதியம் தனியாக வருகிறேன், இரண்டு நாள் இருப்பேன். அம்மாவின் கட்டிலில் படுத்துக்கொள்கிறேன். நீங்கள் டூட்டிக்குப் போக வேண்டியிருந்தால் போங்கள், சாவியை அக்காவிடம் கொடுத்து வையுங்கள். அந்த நாலு வருடத்தில் நீங்கள் என்னென்ன செய்தீர்கள் என்று நான் ஒருநாளும் உட்கார்ந்து கேட்டதில்லை. முடிந்தால் அதைச் சொல்லுங்கள், எவ்வளவு நேரம் ஆனாலும் சரி. கடைசி நாளை மட்டும் விட்டுவிடுங்கள்.

அம்மா என்னைக் கேட்டிருக்கிறாள். எத்தனை தடவை என்று நான் கேட்க மாட்டேன், நீங்களும் சொல்ல வேண்டாம்.

உங்கள் மகள்